மின்வெட்டு அட்டவணை

"அந்நேரம் கரண்ட் இல்லை,
கேமரா எப்படி ஓடும்?" என்றார் சார்ஜண்ட்.

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தோடு பிடுங்கிவந்த
அட்டவணையை நீட்டினேன்.
செவ்வாய் இரவு சாட்ஸ்வொர்த்துக்கு வெட்டில்லை.
பூபாலனின் வேலைச்சட்டையை
அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தேன்.
காலர் சூடாக இருந்தது.
அவனைத்தான் காணோம்.

விரல் வைத்துப் படித்தார்.
ஜெராக்ஸ் எடுத்தார்.
அசல் அவர் இழுப்பறைக்குள் போனது,
நகல் என் கையில்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் பை தந்தார்கள்:
பெல்ட், சாவிக்கொத்து, ஒற்றை ஷூ.
மற்றதைக் கேட்டேன்.
"பதிவில் ஒன்றுதான்."

கோப்பு டர்பனில் என்கிறார்கள் இங்கே,
இங்கே என்கிறார்கள் டர்பனில்.
சார்ஜண்ட், பதவி உயர்வோடு
பைன்டவுன் போய்விட்டார்.

இன்றிரவு நிஜமாகவே கரண்ட் போயிற்று.
எங்கள் தெருவே இருட்டு.
மெழுகுவர்த்தி தேடித் தடவும்போது
கேட்கிறது, அடுத்த தெருவில்
ஸ்டேஷன் ஜெனரேட்டர் உறுமுவது.