பதினாறாயிரத்து ஐந்நூறு

"ரெண்டு நாளைக்கு வச்சிப் பாருங்க,
சரிவரல்லண்டா திருப்பித் தாங்க,
பெட்டிய மட்டும் கிழிச்சிராதீங்க"
என்றான் பம்பலப்பிட்டிக் கடையில் பஸ்மில்.

புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
நடுவில் ஒரு பொத்தான்.
போனைப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தால் போதும்.
அருகில் பிராணி ஏதும் வந்தால்
இது துடிக்கும்,
அமுக்கினால் பிடிபடும்.
பார்க்கத் தேவையில்லை.

பார்க்காமல் பிடிப்பதற்குப்
பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபா.

அன்று மாலை மரைன் டிரைவில்
கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.
இரண்டு மாத மின்கட்டணம்.
அல்லது மகளின் கணித வகுப்பு, பங்குனிவரை.
மறுபக்க நிரலில்:
குனிந்து குனிந்து வளைந்த கழுத்து.
தண்டவாளக் கல்லில் விழுந்து உடைந்த திரை,
பன்னிரண்டாயிரம், அதுவும் இதே பஸ்மிலிடம்.
மோட்டார் சைக்கிளில் வந்தவன்
பறித்துக்கொண்டு போன
எங்கள் பிரிவு துலக்சனாவின் போன்.
கூட்டினேன். சமப்படவில்லை.
சமப்படாத நிரல் எனக்குப்
பல்லிடுக்கில் சிக்கிய மாங்காய்த் தும்பு.

நிரஞ்சலா முழுவதும் கேட்டாள்.
"சீனி வருத்தத்துக்கு நடக்கத்தானே டொக்டர் சொன்னவர்,
பிடிக்கச் சொல்லேல்லையே."

காலையில் நூறாம் இலக்க பஸ்.
ஒரு கை மேல்கம்பியில்,
மறு கையில் யாரோ ஒருத்தியின் புத்தகப் பை.
பதினொரு தடவை தொடையில் துடித்தது.
பதினொன்றும் ஓடித் தப்பின.

கோட்டையில், எங்கள் கட்டட வாசலில்,
அன்று பார்த்துச் சோதனை.
காற்சட்டைப் பைக்குள்
நீல ஒளி விட்டுவிட்டு மினுங்கியது.
அப்போதுதான் விளங்கியது
எதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று:
பொத்தான் வைத்த,
ஒளிரும்,
தானாய் அதிரும் ஒன்றை,
இந்தப் பெயரோடு,
அட்டையில் எழுதியிருக்கும் பிறந்த இடத்தோடு,
இந்தத் தெருவுக்குள்.

கை அடையாள அட்டைக்குப் போயிற்று.
ஒருவரும் கேட்கவில்லை.
இப்போதெல்லாம் கேட்பதேயில்லை.
கைக்கு அது தெரியாது.

"மே மொகக்த?"
இருபத்திரண்டு வயதிருக்கும்.
மீசை இன்னும் முடிவுக்கு வராத முகம்.
என்னுடையதோ அலுவலகச் சிங்களம்,
வட்டியும் நிலுவையும் கையொப்பமும் தெரிந்தது.
கண்ணுக்குத் தெரியாத பிராணிகளைப்
பார்க்காமலே பிடிக்கும் பொறி
என்பதற்கு அதில் சொல் இல்லை.
"சத்தெக்" என்றேன். விலங்கு.
"போன் எக்கே" என்றேன். போனுக்குள்.
துவக்கைத் தோளில் பின்தள்ளிவிட்டு
வாங்கி உள்ளங்கையில் உருட்டினான்.
அங்கேயும் துடித்தது.
யோசிக்கவே இல்லை,
பெருவிரலால் சட்டென்று அமுக்கினான்.

பிறகு மேலதிகாரி நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்து,
குரலைத் தாழ்த்தி,
"வட்டினவத?"
கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பின்னால் வரிசை இருமியது.
இரவெல்லாம் நான் என்னைக் கேட்டதை
இன்னொரு மொழியில், சீருடையில்,
ஒருவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.
"இன்னும் தெரியாது" என்றேன்,
அவனுடைய மொழியில், பிழையில்லாமல்.
தலையாட்டித் திருப்பித் தந்தான்.

மத்தியானம் சோற்றுப் பார்சலை விரித்துவைத்துப்
போனைத் திறந்தேன்.
எட்டு நாற்பத்தொன்று, கோட்டை:
சாம்பல் நிற ஓட்டுக்குருவி ஒன்று.
மிகச் சாதாரணம்.
என்னிடம் ஏற்கெனவே முப்பத்தொன்று உண்டு.
இடம் போதாமல் பழையவற்றை
ஒவ்வொன்றாய் விடுவித்துக்கொண்டு வந்த விரல்
அவன் பிடித்ததைத் தாண்டிப் போயிற்று,
விடுவிக்காமல்.

மின்கலம் தனி, நானூறு ரூபா.
அதை பஸ்மில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்.
ஏழு மணிக்கு ஷட்டர் விழும்.
பெட்டி கிழியவில்லை, பையில்தான் இருக்கிறது.
கடை வடக்கே.
ஆறு ஐம்பதுக்கு, கடற்காற்றில் சட்டை உப்ப,
தெகிவளைப் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன்.
துடிக்கிறது.