விடைக்குறிப்பில் நான்கு அடுக்கு

பாடத்திட்டத்தில் ஒரே வரி:
தொல்நிலவியல், செய்முறை, முப்பது மணி நேரம்.
எதை வைத்துச் செய்ய என்று எழுதவில்லை.
பாளையங்கோட்டை மார்க்கெட்டில்
மாவு சலிக்கும் சல்லடை மூன்று வாங்கினேன்,
ஒன்றைவிட ஒன்று கண் பொடிசாக.
ஆசிரியர் அறையில் வசூலித்தது
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் பன்னிரண்டு.
மண் நிற அட்டைக்கு முதல்வர் கையெழுத்திடவில்லை.
பெயின்ட் கடை கேட்லாக்கை வெட்டி ஒட்டினேன்.
தேரி மண்ணுக்கு அதில் 'சன்செட் ரொமான்ஸ்' என்று பெயர்.

முதல் வாரம், நனைத்த மண்ணைக்
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளுவது.
எவ்வளவு நீண்டு அறுகிறதோ அவ்வளவு களி.
ஜெபக்கனி ஸ்கேலைத் தொடவே இல்லை.
சேரன்மகாதேவிப் பக்கம் செங்கல் சூளை அவர்களுக்கு.
ஒரு சிட்டிகையை முன்பல்லில் கடித்தாள்.
"நறநறங்குது மேடம். சூளையில வச்சா வெடிச்சிரும்."
குறிப்பேட்டில் 'பல்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்,
துப்பிவிடவும் என்ற அடிக்குறிப்போடு.

இரண்டாம் வாரம் பாட்டில்.
மண், தண்ணீர், குலுக்கு, வை.
மணல் உடனே உட்கார்ந்துவிடும்.
வண்டல் மணியடிக்கும்வரை யோசிக்கும்.
களி மறுநாள் காலையிலும் கலங்கியே நிற்கும்.

மூன்றாம் வாரம் ஆண்டு விழா. ஒன்றும் நடக்கவில்லை.

நான்காவதுதான் என் பெருமை: குழி.
கேன்டீனுக்குப் பின்னால், ஆள் ஆழம்.
மண் அமர வேண்டுமே என்று
மார்கழியிலேயே நிரப்பத் தொடங்கியது.
அடியில் கயத்தாற்றுக் கரிசல்.
அதன்மேல் விடுதி அடுப்புச் சாம்பல், மிதித்து இறுக்கி,
உள்ளே நானே உடைத்துப் போட்ட பூந்தொட்டி.
பிறகு திசையன்விளையிலிருந்து ஒரு டெம்போ தேரி மணல்.
உச்சியில் மைதானத்துச் சரளை.
விடையை எழுதி உறையிலிட்டு ஒட்டினேன்.
நான்கு அடுக்கு. இருபது மதிப்பெண்.

எல்லோரும் நான்குதான் வரைந்தார்கள்.
சொரிமுத்துவின் தாளில் ஐந்து.
"தேரிக்கும் சாம்பலுக்கும் நடுவுல
ஒரு கோடு ஓடுதுல்லா மேடம், நகத்தண்டி."
வேர்க்கறை என்றேன்.
"வேரு நாலு சுவத்துலயும்
ஒரே மட்டத்துலயா ஓடும்?"

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
வெளிறிய பழுப்பு. கீழே பொடிமணல்,
மேலே போகப்போக மென்மை, கடைசியில் களி.
பாட்டிலில் பார்த்த அதே வரிசை.
ஜெபக்கனி கேட்காமலே கடித்துச் சொன்னாள்,
"ஆத்து மண்ணு."

சாம்பல் போட்ட மறுநாள் மழை பிடித்தது.
அதற்கடுத்த நாள்
கொக்கிரகுளம் தாண்டி ஆறு மைதானத்துக்கு வந்தது.
மாடி வகுப்புகளில் நூறு குடும்பம்.
நான் கரும்பலகையில்
பால் பவுடர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
வெள்ளம் வடிந்த பிறகு டெம்போ வந்தது.
டிரைவருக்கு அவசரம். கொட்டச் சொன்னேன்.
குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கோட்டின் ஒரு முனையில் ஏதோ மின்னியது.
தூரிகையால் ஒதுக்க ஒதுக்க
ஒரு மாத்திரை அட்டை.
காய்ச்சலுக்கானது. பத்தில் ஆறு பிரித்திருந்தது.
தயாரித்த மாதம் ஆகஸ்ட், அழியாமல்.
"அப்ப இந்த மண்ணு ஆகஸ்டுக்குப் பொறவு வந்தது"
என்று சொரிமுத்து எழுதிக்கொண்டான்.
அடுத்த வாரம் நான் நடத்த வைத்திருந்த பாடம் அது.

அந்த வாரம் மாடியில் யாருக்கோ காய்ச்சல்.
மீதி நாலும் தேவைப்படவில்லையா,
இருட்டில் கைநழுவியதா,
அதற்கு என்னிடம் செய்முறை இல்லை.

அட்டையைப் பையிலிட்டு விவரம் எழுத உட்கார்ந்தோம்.
இடம்: கேன்டீன் பின்புறம். குழி: ஒன்று.
"அடுக்கு எண் மேடம்?" என்றாள் ஜெபக்கனி,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.
மேலிருந்து எண்ணினால்
தேரி இரண்டு, சாம்பல் மூன்று.
நடுவில் எண் எதையும்
நான் விட்டுவைத்திருக்கவில்லை.