ஆறாவது படி

"படிகளில் இறங்குங்கள், நோர்ஹலிமா.
பத்து... ஒன்பது..."
தாதி ரஹ்மியின் குரல்
மின்விசிறிச் சத்தத்துக்குக் கொஞ்சம் கீழே.

எட்டில் தையல் சுண்டி இழுத்தது.
ஏழில் பக்கத்துக் கட்டிலில் யாரோ தும்மினார்கள்.
ஆறாவது படி ஈரம்.
அது அவள் வீட்டுப் படி,
பஞ்சர்மாசின் ஆற்றுக்குள் இறங்குவது.

ரஹ்மி கடற்கரை, வெண்மணல் என்று
சொல்லிக்கொண்டே போனாள்.
இவள் கடலைப் பார்த்ததில்லை.
படகேறித் துடுப்பைப் போட்டாள்.
ஆரஞ்சு முப்பது கிலோ, பாதி கடன்.
வலியும் ஏறிக்கொண்டது,
முதுகைக் காட்டி
முன்பலகையில் உட்கார்ந்தது.

"இப்போது பத்துக்கு எவ்வளவு?"
"ஆறு. காலையில் ஒன்பது."
கண் திறக்கவில்லை.
"இருங்கள், சந்தை இன்னும் வரவில்லை."

தொட்டிலில் பிள்ளை வீரிட்டது.
மார்பு நனைந்தது.
ஆற்றுத் தண்ணீர் என்றுதான்
முதலில் நினைத்தாள்.