பதினோராவது நொடி

முதல் பத்து நொடி ஒழுங்காகத்தான் ஓடுகிறது.
போரோகா பந்தை வாங்குகிறாள், தோளைச் சாய்க்கிறாள்,
ஒருத்தியை ஏமாற்றுகிறாள்.
பதினோராவது நொடியில்
கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது.

படம் நிற்கிறது. சத்தம் நிற்பதில்லை.
அது பாட்டுக்கு முன்னால் போய்
கூட்டம் கத்தி, யாரோ ஒரு சிறுமி
ஒரே சொல்லை இரண்டு முறை கத்தி,
விசில் ஊதி, கோல் விழுந்து,
இருபத்துநான்குக்கு இருபத்துமூன்று என்று
ஆட்டமே முடிந்த பிறகும்
என் மகள் தரையில்தான் நிற்கிறாள்,
எம்பப் போகிற இடது காலோடு.

நாளை ஐந்து மணிக்குள் ஜியோர் பள்ளிக்குப் போக வேண்டும்,
மூன்று நிமிட வீடியோ.
மூன்று நிமிடம்தானே என்று சொன்னவன் நான்.
டிராம் பணிமனையில் இரவு ஷிஃப்டைக்கூட
மாற்றிக்கொண்டு வந்தவன்.

அணைத்தேன், போட்டேன்.
திறந்து கிடந்த ஜன்னல்களை எல்லாம் மூடினேன்,
செகெட்டில் நாளைக்கும் மூடுபனி என்று சொன்ன
அந்தச் சின்ன ஜன்னலையும்.
ஈல்டிகோ விட்டுப்போன கேக் படங்கள் நாலு ஜிபி.
அழித்தேன். ரொம்ப நாளாகத் தேடிய சாக்கு.
நினைவகம் போதவில்லை என்றது திரை.
எனக்கு அந்தக் குறை இல்லை என்றேன் அதனிடம்.

மூன்றாவது மாடி கெர்கோ
ஸ்க்ரூடிரைவரோடு இறங்கி வந்தான்.
லிஃப்ட் மெக்கானிக்.
"எங்கே நிற்கிறது?" என்றுதான் முதலில் கேட்டான்.
"எப்போதும் அதே இடத்திலா?
அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது."

பெட்டியைத் திறந்தோம்.
மூடிப்போன பல் மருத்துவமனை விற்ற பெட்டி.
உள்ளே கம்பளி நெய்யலாம், அவ்வளவு தூசி.
ரொட்டிக்கு முட்டை தடவும் பிரஷ்ஷால் கூட்டினான்.
ஃபேனின் ஊளை அடங்கியது,
தொண்ணூற்றுநாலில் கொதித்தது எழுபத்தொன்றுக்கு வந்தது.
பதினோராவது நொடி
வரவில்லை.

"உன் போன் கஞ்சம்," என்றான்.
"முழுப் படம் ஒன்றுதான் எழுதும்,
அப்புறம் எது மாறியதோ அது மட்டும்.
அவள் எம்பும்போது எல்லாமே மாறுகிறது, பார்.
இந்தக் கிழம் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் திணறுகிறது.
பதிலி செய்துகொள். சின்னப் படம், மங்கல் படம்.
வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதில்.
கடைசியில் வெளியே வருவது அசல்தான்."

பதிலி வேக நாற்பது நிமிடம்.
கெர்கோ போய்விட்டான்.

ஓடியது.
வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது.
அவள் எம்பினாள், காற்றில் ஒரு கணம் இருந்தாள்,
பந்து போனது, தோழிகள் மேலே விழுந்தார்கள்.
ஐந்து முறை பார்த்தேன்.
ஆறாவதில் ஏதோ குறைந்தது.

கால்.
சாயங்காலம் முழுக்க என் முகத்துக்கு நேரே நின்ற கால்.
மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.
பச்சை ஷூவின் முனை,
ஆறு மீட்டர் கோட்டின் மேல்
விரலை வைத்துக் காட்டுகிற மாதிரி.
பதிலியில் கோடும் ஷூவும் ஒரே சாம்பல்.
அந்தச் சிறுமி கத்திய சொல்லும்
இப்போதுதான் காதில் விழுந்தது.
மாக்கோ அணிக் கோல்கீப்பர்.
கோடு, கோடு.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள் போரோகா.
ஒரு தடவை பார்த்தாள்.
"அசலைக் காட்டு."
பதிலியை அணைத்தேன்.
பத்து நொடி ஓடி, நின்றது.
இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
இந்த முறை சீக்கிரம் நகரேன் என்று
யாரும் அதை விரட்டவில்லை.

"அந்த ஷூ இப்ப எனக்குப் பத்தறதில்ல," என்றாள்.
பிறகு, "இருக்கட்டும்."
எது என்று கேட்பதற்குள்
அவள் அறைக் கதவு சாத்தியாயிற்று.

ஏற்றுமதியை அழுத்தினேன்.
மீதம் நான்கு நிமிடம் என்றது.
கொஞ்சம் யோசித்து,
மீதம் ஒன்பது நிமிடம்.