இருபது அரைப்பேர்

டாக்டர் அதை மூடுபனி என்றார்.
பனியை எங்களுக்குத் தெரியும்.
பத்து மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் அது விலகும்.
விலகும்போது பங்களாக் கூரை முதலில் தெரியும்,
பிறகு சவுக்கு மரம்.
இது விலகுவதில்லை.

காய்ச்சல் வந்தது சித்திரையில்.
லயத்தில் ஒன்பது காம்பிராவுக்கு வந்தது,
எட்டில் போய்விட்டது.
என்னிடம் தங்கியது காய்ச்சல் அல்ல, அதன் வால்.
பிள்ளைக்குப் பால்மா கலக்கி வைத்துவிட்டு
மறுபடியும் கலக்கினேன்.
கூடையோடு மலையில் நின்று
எந்த நிரை என்னுடையது என்று
மரியபுஷ்பத்திடம் கேட்டேன்.
சிரித்தாள்.
இரண்டாம் முறை கேட்டபோது சிரிக்கவில்லை.

பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
பதினொன்று, பன்னிரண்டு என்று
செக்ரோலில் என் பேர்
பாதி பாதியாக விழுந்தது.

ஹட்டன் ஆஸ்பத்திரியில், பழைய எக்ஸ்ரே அறையில்
மெஷின் இருந்தது.
மெஷின் என்றால் பெரிதாக நினைத்தேன்.
லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல் அளவுதான்,
உள்ளே பேட்டரி.
இரண்டு ஸ்பொஞ்சை உப்புத்தண்ணீரில் நனைத்து
இடது நெற்றிக்கு மேல் ஒன்று,
வலது புருவத்துக்கு மேல் ஒன்று,
சுற்றி ரப்பர் பட்டி.
உப்பு என்றதும் என் கெண்டைக்கால் கூசியது.
அட்டைக்குத்தான் நாங்கள் உப்பு வைப்போம்.
மண்டையில் ஒட்டியிருப்பதும்
அப்படிச் சுருண்டு விழுமோ என்று
தில்ருக்ஷி மிஸ்ஸியைக் கேட்டேன்.
அவவுக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி.
"டிகக் கடிக்கும், பயம் வேணாம்" என்றா.

முதலில் எறும்பு.
மயிருக்குள் ஒரு புற்று கலைந்த மாதிரி.
பிறகு ஒன்றுமில்லை,
சுவர்க்கடிகாரம் மட்டும், இருபது நிமிஷம்.

கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள்:
பாதிப்பேருக்கு உண்மைக் கரண்ட்,
பாதிப்பேருக்கு அந்த எறும்பு மட்டும்.
யாருக்கு எது என்று மிஸ்ஸிக்கும் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது,
கொழும்பில் ஒரு கவருக்குள் இருக்கிறதாம்.
எனக்கு அது புதிதாகப் படவில்லை.
எங்கள் சம்பளத்தையும் கொழும்பில்தான் பேசுகிறார்கள்.

இருபது நாள். இருபது அரைப்பேர்.
"கரண்ட் குடிக்கப் போறா" என்றான் கங்காணி.
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தபால்கார அருளாந்து,
நோர்வூட்டிலிருந்து, அதே வால் பிடித்தவர்.
மேல்பிரிவுக் கடிதத்தைக் கீழ்ப்பிரிவில் போட்டு
ஏச்சு வாங்கியவர்.
கொண்டக்டர் வந்தால் இருவரும்
டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவோம்.

பதினான்காம் நாள்
டிக்கோயாப் பாலத்தில் பஸ் நின்றபோது
யாரும் கேட்காமல் வந்தது:
ஏழே முக்கால்.
காலையில் என் கொழுந்து நிறுத்த கணக்கு.
தராசுக்காரன் மூக்கைத் தேய்த்தது,
சாக்கின் ஓரத்தில் கிழிசல்,
எல்லாம் சேர்ந்து வந்தது.
"ஏழே முக்கால்" என்றேன் அருளாந்துவிடம்.
டிக்கெட் காசு கூடிவிட்டதாக்கும் என்று
அவர் சட்டைப்பையைத் தடவினார்.

ஆவணியில் கவரைப் பிரித்தார்கள்.
எனக்கு எறும்பு மட்டும்.
அருளாந்துவுக்கு உண்மைக் கரண்ட்.
நேற்றும் அவர் மேல்பிரிவுக் கடிதத்தோடு
எங்கள் லயத்து வாசலில் நின்றார்.
மிஸ்ஸி குனிந்துகொண்டு சொன்னா,
தான் எதையோ திருடியது போல.

அப்போ ஏழே முக்காலைக் கொண்டுவந்தது யார்?
தெரியாது.
ஒன்று மட்டும் தெரியும்:
இருபது நாள், நாளுக்கு இருபது நிமிஷம்,
யாரும் கூப்பிடாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
பிறந்ததிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை.
அதையும் எழுதுங்கள் என்றேன்.
எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது என்று
டாக்டர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

விருப்பமென்றால் இனி உண்மைக் கரண்ட் தரலாமாம்.
இன்னும் இருபது நாள்.
பொய்க் கரண்டுக்கே இருபது அரைப்பேர் போனது.
இப்போது பதினைந்து கிலோ எடுக்கிறேன்,
முழுப்பேருக்கு மூன்று குறைவு.

புதன்கிழமை வருகிறேன் என்றேன்.
மறந்துவிட்டால் மரியபுஷ்பத்துக்குப் போன் பண்ணுங்கள் என்று
நம்பரையும் சொன்னேன்,
எதையும் பார்க்காமல், பத்து இலக்கமும்.
கடைசி இரண்டு இடம் மாறியிருந்தது
பிறகுதான் தெரிந்தது.