கை எட்டாத பக்கம்

கிணத்துக்கடவு வளைவில் திருப்பினால்
திருப்பின இடத்திலேயே நிற்கிறது ஸ்டீயரிங்.
மற்ற வண்டி தானே நேராகும்.
என் ஹெரால்டை நான்தான்
கைபிடித்துக் கூட்டிவர வேண்டும்.

டயரில் காற்று இல்லை என்றார்கள் பல்லடத்தில்.
சூலூரில் அலைன்மென்ட், எண்ணூறு ரூபாய்.
மூன்றாவது ஆள்,
பாக்ஸையே மாத்திரலாங்க என்றார், விலை சொல்லாமல்.

போத்தனூர் ஜபருல்லா ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.
ஜாக்கி வைத்தார். டை ராடு இரண்டையும் கழற்றினார்.
இடது சக்கரத்தை ஒரு விரலால் தள்ள
போய் வந்தது, தறியில் நாடா மாதிரி.
வலதுக்கு இரண்டு கை.
அப்புறம் முழங்கால்.
முனகிப் பாதியில் நின்றது.

'இதுக்கு என்னங்க போடுறீங்க?'

கிரீஸ் என்றேன். ஆயுத பூஜை தவறாமல்,
என் கையால், பிதுங்கி வழியும்வரை.
சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட.

கீழ்முனையைப் பிரித்துக் காட்டினார்.
பதினோரு பூஜையும் வேலம்பிசினாய் இறுகி
வாயை அடைத்திருந்தது.
அதற்குள்ளே மரை
காய்ந்து, துருவேறி, ஒரு பக்கம் கத்திபோல் தேய்ந்து.

'இந்த இடம் கிரீஸ் கேக்காதுங்க.
கியர் ஆயில், தொண்ணூறாம் நம்பர்.
இன்னும் நாலு திருப்பம்,
சக்கரம் மட்டும் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்திருக்கும்.'

இடது எப்படித் தப்பியது என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அங்கே நிப்பிளுக்குக் கை எட்டாது,
விரல் மூட்டைச் சிராய்க்கும்.
ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று விட்டது.
முன்னால் வைத்திருந்த யாரோ ஊற்றிய எண்ணெய்
இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது அதில்.