முப்பது செக்கன்

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையின் மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத்தட்டு.
மின்விசிறியை நிற்பாட்டினால்தான் பதிவு தொடங்கும்.
வியர்வைக்குச் சத்தமில்லை,
ஆகையால் அதை அனுமதித்திருக்கிறோம்.

யூட் நியூட்டன், குருநகர்ப் பெடியன்.
பிஸ்கற் ரின் ஒன்றில் உலகத்தை வைத்திருக்கிறான்:
ரொபித் தாள், இரண்டு சிரட்டை,
முறிந்த குடைக்கம்பி, ஒரு சுண்டு உழுந்து.
ரொபித் தாளை மைக்குக்குக் கிட்டக் கசக்கினால்
நல்லெண்ணெயில் வடை பொரியும்.
உழுந்தைச் சுளகில் சரித்தால்
தகரக் கூரையில் மழை.
ஒருக்கால் அடுப்பு மூட்டி
மெய்யாகவே வடை சுட்டுப் பதிந்தோம்.
கேட்டுப் பார்த்தால்
யாரோ வேலிக்குப் பின்னால் துப்புகிற மாதிரி.
"உண்மைக்கு மைக் ஒத்துவராது அக்கா"
என்றான் வடையைக் கடித்தபடி.

நான் குரல்.
போன கிழமை இருமல் மருந்து விற்ற தாய்,
இந்தக் கிழமை தவணைக்கு மோட்டார்சைக்கிள் கேட்கும் மனைவி.
கணவர் கொழும்பில்.
அவருடைய பங்கு ஈமெயிலில் வரும்.
"என்னங்க, இவ்வளவு மலிவா?" என்று திங்களன்று கேட்பேன்,
வியாழன் அவர் சிரிப்பார்.
ஐந்து வருசக் குடித்தனம். முகம் தெரியாது.

சிரித்துக்கொண்டு வாசித்தால் சிரிப்புக் கேட்கும்.
ஒருவரும் பார்க்காவிட்டாலும் பல் தெரிய வேண்டும்.
விலைக்கு வந்தால் குரலைத் தாழ்த்து,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.
"மட்டுமே" என்ற இடத்தில் கொஞ்சம் மூச்சு விடு.
நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதை மட்டும்
நாய் துரத்துவதுபோல ஓடிக் கட.

ஒருநாள் அரிசி ஆலைக்காரர் கேட்டார்:
"பிள்ளை, இந்த என்னங்கவை விட்டிட்டு
எங்கட பெண்டுகள் கூப்பிடுறமாதிரிக் கூப்பிடும்."
"இஞ்சாருங்கோ" என்றேன்.
மூன்று லொறி போனதாம்
அந்த ஒரு சொல்லுக்கு.
என்னை அப்படிக் கூப்பிட வைத்த மனிதனைப் பற்றி
இந்த முப்பது செக்கனில் சொல்ல இடமில்லை.

பிறகு தீபாவளி மலிவு விற்பனை.
புடவைக்கடை கிருபானந்தம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தார்.
"விலை வெடிக்க வேணும் தம்பி.
படாரெண்டு ஒண்டு போடும்."
நியூட்டன் கணினியில் தேடி
நல்லதாய் ஒன்று எடுத்துப் போட்டான்.

நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.
எப்படிப் போனேன் என்று தெரியாது.
அவருடைய கை கதவுப்பிடியில்,
தேத்தண்ணி கொண்டுவந்த மனுசி
தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டு.
நியூட்டன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
சண்டை முடிந்தபோது அவனுக்கு மூன்று வயது.

ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
தேத்தண்ணியில் ஆடை பிடித்தது.
"மத்தாப்பு இருக்கே, தம்பி?"
என்றார் கடைசியில்.
அதே ரொபித் தாள்,
இம்முறை மெதுவாக, விரல்நுனியால்.
விலை பூப்பூவாய்ச் சொரிந்தது.
நானும் எழும்பி, பல் தெரிய,
"மட்டுமே" என்றேன்.

நேற்றுத் திருநெல்வேலியில் ஒரு கடை.
தட்டில் எண்ணெய்ப் போத்தல்கள்.
மேலே ரேடியோவில் வடை பொரிகிறது.
"எங்கட வீட்டில எப்பவும் இதுதான்" என்கிறேன் நான்.
எங்கள் வீட்டில் அது ஒருநாளும் இருந்ததில்லை.
அந்த ரொபியைத் தின்றதுகூட நான்தான்.
இருந்தும் வாய் ஊறியது,
கை போத்தலுக்குப் போயிற்று.

"நல்ல சாமான் அக்கா,
ரேடியோவிலயும் சொல்லுகினம்"
என்றான் கடைப் பெடியன்.

"ஓம்" என்றேன்.
அவனுக்குக் குரல் பிடிபடவில்லை.
நான் சிரிக்காமல் சொன்னேன்.